வாசகர் கேள்வி: புறக்கடைக்கு எந்தக் கலப்பினக் கோழி?

கேள்வி: எங்கள் வீடு வேடசந்தூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் உள்ளது. வீட்டின் பின்புறம் வேலியிட்ட ஐந்து சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. நாங்கள் நால்வர், வீட்டு முட்டைத் தேவைக்காகக் கோழி வளர்க்க எண்ணுகிறோம். சிறுவிடை என்னும் நாட்டுக்கோழியே போதும் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டுக்காரர் வனராஜா வாங்கச் சொல்கிறார். கிராமப்பிரியா என்றும் ஒரு வகை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கோழி வளர்த்த அனுபவம் கிடையாது. எங்கள் பகுதியில் கீரித் தொல்லையும் உண்டு. எதை வாங்கலாம்?
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இனத்தின் பெயரைப் பிறகு பார்ப்போம், முதலில் கணக்கைப் போடுவோம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை என்றால் உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 1,460 முட்டைகள் வேண்டும். மேய்ச்சலில் வளரும் சிறுவிடைப் பெட்டை ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டைகள் இடும். இடையிடையே அடையில் அமர்ந்துவிடும். குஞ்சு பொரித்தால் அவற்றை வளர்த்து முடிக்கும் வரை முட்டை இடாது. ஆகவே சிறுவிடையை மட்டும் நம்பினால் இருபதுக்கும் மேற்பட்ட பெட்டைகள் வேண்டியிருக்கும். ஐந்து சென்ட் இடத்தில் அவை இரண்டே மாதத்தில் ஒரு புல்லையும் விட்டுவைக்க மாட்டா. புறக்கடையில் வனராஜா ஆண்டுக்கு 100 முதல் 110 முட்டைகளும், கிராமப்பிரியா 160 முதல் 180 முட்டைகளும் இடும். அந்தக் கணக்கில் பதினான்கு வனராஜா அல்லது ஒன்பது, பத்து கிராமப்பிரியா உங்களுக்குப் போதும்.

இவ்விரண்டுமே ஹைதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியவை; ஆயினும் ஒரே நோக்கத்துக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. வனராஜா இறைச்சி, முட்டை இரண்டுக்குமானது. உடல் பருமனும் எடையும் கூடியது. சேவல்கள் விரைவில் விற்பனை எடைக்கு வந்துவிடும். கிராமப்பிரியா முதன்மையாக முட்டைக்கானது. உடல் இலேசானது, கால்கள் சற்று நீண்டவை. கீரித் தொல்லை உள்ள இடத்தில் இந்த வேறுபாடு முட்டை எண்ணிக்கைக்கு இணையாகவே முக்கியமானது, ஏனெனில் கனத்த கோழி கீரியையோ தெருநாயையோ கண்டவுடன் எழும்பிப் பறந்து மதிலிலோ முருங்கைக் கிளையிலோ ஏறித் தப்புவது அரிது. இறைச்சிக்காக வளர்ப்போருக்கு வனராஜாவையே நான் பரிந்துரைப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் அந்த வகையில் தவறில்லை. உங்கள் தேவை முட்டை என்பதால் கிராமப்பிரியாவே பொருந்தும். பெங்களூரில் உருவான கிரிராஜாவும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி வகைகளும் நல்லவையே. அருகில் எது நம்பகமாகக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மாமியார் சொல்லையும் தள்ளிவிட வேண்டாம். பத்து கிராமப்பிரியாவுடன் இரண்டு சிறுவிடைப் பெட்டைகளையும் சேர்த்து வாங்குங்கள். அதன் காரணம் அடுத்த கேள்விக்கான பதிலில் உள்ளது.

எந்த வயதில் வாங்குவது என்பதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். ஒரு நாள் குஞ்சு விலை மலிவு என்பது உண்மை. ஆனால் அதற்கு முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் தர வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இருபது குஞ்சுகளுக்கு 40 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். அதன் உயரத்தைக் குஞ்சுகளே உங்களுக்குச் சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக முண்டியடித்து நின்றால் குளிர்கிறது என்று பொருள். ஓரமாக ஒதுங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்து, கால் நீட்டிப் படுத்து உறங்கினால் சரியாக இருக்கிறது. இரவில் இரண்டு முறை எழுந்து இதைப் பார்க்க இயலாதவர்கள், ஆறு வாரம் வளர்ந்த குஞ்சுகளையே கூடுதல் விலை கொடுத்து வாங்குவது நல்லது. முதல் முறை என்பதால் உங்களுக்கும் அதையே சொல்வேன். மேலும், ஒரு நாள் குஞ்சுகளைப் பிரிக்காமல் கொடுக்கும்போது ஏறத்தாழ பாதி சேவலாகவே இருக்கும். ஆறு வாரத்தில் கொண்டையைப் பார்த்து ஓரளவு பிரித்தெடுக்கலாம்.

எங்கே வாங்குவது என்பதில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், தெருவில் வந்த ஒரு வண்டிக்காரரிடம் ‘வனராஜா’ என்ற பேச்சை நம்பி இருபது குஞ்சுகள் வாங்கினேன். ஐந்தாம் மாதத்தில் அவற்றில் பதினேழு கூவின! முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குப் பயன்படாத சேவல் குஞ்சுகளே அவை என்பதைப் பிறகு ஒரு கால்நடை மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். ஆகவே பல்கலைக்கழக மையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், அரசுக் கோழிப் பண்ணைகள் ஆகியவற்றில் முன்பதிவு செய்து வாங்குங்கள். மாரெக் நோய்க்கான தடுப்பூசியைப் பொரிப்பகத்திலேயே முதல் நாளில் போட்டார்களா என்றும் கேளுங்கள்.

கலப்பினம் என்பதால் நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் ஒரு முறை புகுந்தால் சிறுவிடை, வனராஜா என்று பார்க்காது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் போடும் தடுப்பூசியும் தவறக்கூடாது. குஞ்சுகளை வாங்கும் இடத்திலேயே எவை போடப்பட்டன என்று எழுதி வாங்கிக்கொண்டு, மீதியை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இரவு அடைக்கும் கூண்டில் கோழிக்கு இரண்டு சதுர அடி என்று கணக்கிடுங்கள். கீரி தரையைத் தோண்டி உள்ளே வரும் என்பதால் கம்பி வலையை மண்ணுக்குள் ஓர் அடி புதைத்துவிட வேண்டும்.

கேள்வி: ஓராண்டாகப் பத்து கிராமப்பிரியா பெட்டைகளும் ஒரு சேவலும் வைத்திருக்கிறேன். முட்டைக்குக் குறையில்லை, ஆனால் இதுவரை ஒன்றுகூட அடையில் அமரவில்லை. என்ன குறை? இவற்றின் முட்டைகளை வேறு கோழியிடம் வைத்துப் பொரிக்கச் செய்து, அடுத்த தலைமுறையை நானே உருவாக்கிக்கொள்ளலாமா?
— வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: குறை ஏதுமில்லை, அதிக முட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தபோது அடைகாக்கும் இயல்பு விலகிப் போயிற்று. அடையில் அமரும் கோழி முட்டையை நிறுத்திவிடும் என்பதால் அத்தகையவற்றை இனவிருத்தியிலிருந்து ஒதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். முட்டையும் வேண்டும், அடையும் வேண்டும் என்று ஒரே கோழியிடம் கேட்க முடியாது.

உங்கள் முட்டைகளைச் சிறுவிடைப் பெட்டையிடம் வைத்தால் நன்றாகவே பொரியும். முட்டை சற்றுப் பெரிதாக இருப்பதால் எட்டு, ஒன்பதுக்கு மேல் வைக்க வேண்டாம். ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது. ஒரு வாரத்துக்கு மேல் பழைய முட்டையைத் தவிர்க்கவும். ஏழாம் நாள் இரவில் டார்ச் விளக்கின்மேல் முட்டையை வைத்துப் பாருங்கள்: சிலந்தி கால் விரித்ததுபோல் சிவந்த நரம்புகள் தெரிந்தால் கரு உண்டு, தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு வரும்.

ஆனால் அந்தக் குஞ்சுகள் கிராமப்பிரியாவாக இரா. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் விளைந்ததை மறுபடி விதைத்தால் வயல் எப்படி ஒன்று நெட்டையும் ஒன்று குட்டையுமாக நிற்குமோ, அதே கதைதான் இங்கும். வெவ்வேறு தாய், தந்தை வழிகளைச் சேர்த்ததால் கிடைத்த வீரியம் முதல் தலைமுறையில்தான் முழுமையாக இருக்கும். அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, சில நன்றாக இடும், சில தேறாது. கறிக்கும் வீட்டு மேய்ச்சலுக்கும் அவை போதும். முட்டையை நம்பியிருப்பவர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய குஞ்சு வாங்குவதே சரி. அவ்வாறு வாங்கும் ஒரு நாள் குஞ்சுகளை, தன் குஞ்சுகள் அப்போதுதான் பொரித்த சிறுவிடைத் தாயின் இறக்கைக்கடியில் இருட்டிய பின் ஒவ்வொன்றாக நுழைத்துவிடுங்கள். பெரும்பாலும் விடிந்ததும் தன்னுடையவை என்றே மேய்க்கும். பல்பும் வேண்டாம், இரவில் விழிக்கவும் வேண்டாம். முந்தைய வாசகிக்கு இரண்டு சிறுவிடைப் பெட்டைகளை நான் சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: வளரும் கோழிகளுக்கு முட்டைக்கோழித் தீவனத்தையே கொடுத்தால் சீக்கிரம் முட்டை வைக்குமா?
— வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: வைக்காது, கெடுதலே நேரும். முட்டை ஓட்டுக்காக அத்தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாகச் சேர்த்திருப்பார்கள். முட்டையிடாத இளங்கோழியின் சிறுநீரகத்தை அது பாதிக்கும். கிராமப்பிரியா முதல் முட்டை வைக்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை வளர்பருவத் தீவனமோ, கம்பு, குருணை, தவிடு, கீரை, கறையான் ஆகியவையோ கொடுங்கள். முதல் முட்டையைக் கண்ட பிறகு, உடைத்த கிளிஞ்சலை ஒரு தனித் தொட்டியில் வைத்துவிட்டால் தேவைப்பட்ட பெட்டை தானே வந்து கொத்திக்கொள்ளும்.