பஸ் திரும்பிப் போகும் சத்தம்

அன்புள்ள ஐயா,

அண்டார்டிகாவில் உள்ள நம் மைத்ரி ஆய்வு நிலையத்தின் குளிர்காலக் குழுவில் மின் பொறியாளராகத் தேர்வாகியிருக்கிறேன். நவம்பரில் கேப்டவுனிலிருந்து விமானம். ஒரு வருடம் அங்கேதான். அந்த வெண்தனிமையில் படிக்கப் பத்துப் புத்தகங்கள் சொல்லுங்களேன். குளிரை நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

சந்தோஷம். குளிருக்கு உடுப்பு தருவார்கள், அதை விடுங்கள்.

'வெண்தனிமை' என்ற சொல் எரிச்சலூட்டியது. எங்கே பொறுக்கினீர்கள் இதை? முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரியைப் பனித்தட்டின்மேல் கட்டினார்கள். பனி மூடிப் புதைந்து, 1990-ல் கைவிட வேண்டியதாயிற்று. மைத்ரி நிற்பது ஷிர்மாக்கர் பகுதியின் பாறைத் தரையில். கோடையில் அங்கே பழுப்புக் கல்லும் ஒரு ஏரியும்தான். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்குவாரி மாதிரி இருக்கும். தனிமையா? இருபது சொச்சம் பேருக்கு ஒரே கூரை. இருமலை வைத்தே ஆளைச் சொல்வீர்கள். நடுராத்திரியில் ஜெனரேட்டர் நின்றால் அத்தனை பேரும் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

போய்ச் சேருவதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். 1981 டிசம்பரில் கோவாவில் கப்பலேறிய முதல் குழு, 1982 ஜனவரி 9 அன்றுதான் அங்கே கால் வைத்தது. உங்களுக்கு ஆறு மணி நேரப் பறத்தல், பனிக்கட்டி ஓடுதளம், அப்புறம் பனிவண்டியில் கொஞ்ச தூரம். இறங்கியதும் போட்டோ அனுப்பி 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்பீர்கள். பொய்.

இருபத்துமூன்று வயதில் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கண்டக்டர் என் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தார். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஸ்தான் அங்கேயே நிற்கிறதே. அவர் கிளாஸின் அடி மண்டியை வீசி ஊற்றிவிட்டு ஏறினார். சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கிட்டே வருவதுபோல் ஒருமுறை ஏமாற்றும். பெட்டிமேல் உட்கார்ந்து, அது திரும்பி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். பள்ளிக்கூட ஆயா வந்து, "சாப்ட்டியா சாமி?" என்றார். நான் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

கோடைக்குழுவை ஏற்றிக்கொண்டு கடைசி விமானம் போகும் பாருங்கள், அன்றைக்குத்தான் நீங்களும் வந்து சேர்வீர்கள். அடுத்த விமானம் நவம்பரில். நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியனே எழாது. போட்டோ எடுப்பதானால் அன்றைக்கு எடுங்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், இல்லையா? பத்தெல்லாம் எதற்கு, கனமாக ஒன்று போதும். மிச்ச இடத்தில் ஊறுகாய் வையுங்கள். சமையல்காரரின் பெயரை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.