தேள் கடித்ததால் விடுப்பு

அன்புள்ள ஐயா,

நான் பள்ளி ஆசிரியை. பழைய எகிப்து பற்றிய பாடத்தை பிரமிடு, மம்மி, மறுமை என்று சொல்லி முடித்தேன். ஒரு பையன் எழுந்து, “டீச்சர், அவங்க எப்பவும் சாவைப் பத்தியே நினைச்சுக்கிட்டு இருந்தாங்களா?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படித்தான் இருந்தது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

அருமையான கேள்வி கேட்டிருக்கிறான். நமக்கு அப்படித் தோன்றுவதற்குக் காரணம் மண். அவர்கள் குடியிருந்த வீடுகள் நைல் கரையில், சுடாத செங்கல்லால் கட்டியவை. வெள்ளமும் உழவும் அவற்றைக் கரைத்துவிட்டன. மிச்சத்தின் மேல் அடுத்தடுத்த ஊர்கள் எழுந்தன. கல்லறைகளோ வறண்ட பாலை ஓரத்தில் இருந்ததால் பிழைத்துக்கொண்டன.

அதே பாலை ஓரத்தில் ஓர் ஊரும் பிழைத்தது. லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் இருக்கும் தெய்ர் எல்-மதீனா. அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்தவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். மதிலுக்குள் சுமார் 70 வீடுகள். தண்ணீர் கழுதை மேல் வரும். கூலி தானியமாக அளக்கப்படும். அது வராமல் போனபோது, மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், பசிக்கிறது என்று சொல்லி வேலையைப் போட்டுவிட்டு வெளியேறி உட்கார்ந்தார்கள்.

கடன், வழக்கு, சலவைக் கணக்கு என எல்லாவற்றையும் சுண்ணாம்புக்கல் சில்லிலும் பானை ஓட்டிலும் எழுதிவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சில்லு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆண்டு, அதாவது கி.மு. 1250 வாக்கில் எழுதிய வருகைப் பதிவேடு. 40 ஆட்களின் பெயரும் வராத நாட்களும் கறுப்பு மையில். ஏன் வரவில்லை என்பது மேலே சிவப்பு மையில், பொடி எழுத்தில். ஒருவனைத் தேள் கடித்திருக்கிறது. ஒருவனுக்குக் கண் நோய். ஒருவன் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு என்று வீட்டில் இருந்தவர்களும் உண்டு. செத்துப்போன தாயின் உடலைத் துணியால் சுற்றப் போனான் ஒருவன். பாருங்கள், நாம் மம்மி என்று பாடம் நடத்துவது அவனுக்கு அம்மாவின் காரியம். லீவு போட்டுப் போயிருக்கிறான்.

அப்புறம் நவுனக்தே. அதே ஊர்க்காரி, எட்டுப் பிள்ளை பெற்றவள். கி.மு. 1145 வாக்கில் ஊர் நீதிமன்றத்தின் முன்னால் நின்று உயில் எழுதவைத்தாள். நான் சுதந்திரமான பெண், இவர்களை வளர்த்து ஆளாக்கினேன், எனக்கு வயதாகிவிட்டது, இவர்கள் என்னைக் கவனிப்பதில்லை என்று சொல்லி, பார்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கு மட்டும் தன் சொத்தைப் பிரித்தாள். தகப்பன் சொத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு. அதில் அவள் கைவைக்கவில்லை. தன் பேரில் சொத்து வைத்துக்கொள்ளவும், யாருக்கு என்று தீர்மானிக்கவும் அவளுக்கு உரிமை இருந்தது. ஒரு மகனுக்கு மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு வெண்கலக் கிண்ணம். அவன் அவளுக்கு என்ன செய்திருப்பான் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அந்த வருகைப் பதிவேட்டுச் சில்லின் படம் மியூசியத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். வகுப்பில் காட்டிவிட்டு, பக்கத்திலேயே உங்கள் வருகைப் பதிவேட்டையும் விரித்து வையுங்கள். முதலில் அந்தப் பையன் பார்க்கட்டும்.