வீட்டில் சின்ன விமானம் கட்டுகிறேன். அலுமினியக் குழாயில் ஓட்டை நேராக விழ எளிய ஜிக் ஏதாவது உண்டா?

உண்டுங்க, ஜிக்குன்னா பிட்டை நேரா வழிநடத்தற சட்டம், அவ்வளவுதான். ஆனா "விஎம்சியில (கம்ப்யூட்டர் ஓட்டற மெஷின்) கொடுத்துருங்க, கை டிரில்லெல்லாம் விமானத்துக்கு ஆகாது"ன்னு உங்ககிட்ட யாராவது சொல்லியிருப்பாங்க. என்கிட்டயும் சொன்னாங்க. அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன்.

கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கேன். பம்பு சாமான்தான் சோலி. ஷாஃப்ட், புஷ், ஃபிளாஞ்சு, இப்படி. ஏரோநாட்டிகல் படிச்சவன் இல்ல, படிச்சவங்க சண்டைக்கு வராதீங்க. ரெக்கை எவ்வளவு பாரம் தாங்கும்னு நான் பேசப் போறதில்ல. பறக்கறதுக்கு டிஜிசிஏ (மத்திய அரசோட விமானத் துறை) அனுமதி வேணும், அதையும் நீங்கதான் பார்த்துக்கோணும். நான் பேசறது ஓட்டையப் பத்தி மட்டும்.

நீங்க பிளான் வாங்கி, குழாயும் போல்ட்டுமா கட்டற ரகம்னு நினைக்கிறேன். சென்டர் பஞ்ச் அடிச்சு இந்தப் பக்கம் சரியாத்தான் ஆரம்பிச்சிருப்பீங்க. அந்தப் பக்கம் வெளிய வரும்போது அரை நூல் தள்ளி வந்திருக்கும். உருண்டையான சாமான் மேல பிட்டு வழுக்கும், கையும் சாயும். உங்க கை மேல தப்பில்ல, எங்க கையும் அப்படித்தான்.

இதுக்கு ஒரு இரும்புக் கட்டி போதும். 75 மி.மீ. சதுரம், 40 மி.மீ. கனம். லேத்துல நாலு தாடை சக்குல (சாமானைக் கவ்வற பிடி) பிடிச்சு, நடுவுல உங்க குழாய் நுழையற மாதிரி போரிங் பண்ணச் (உள்துளை கடையச்) சொல்லுங்க. ரெண்டு இஞ்ச் குழாய்னா 50.8 மி.மீ., அதுக்கு மேல 0.05 விட்டா வழுக்கிக்கிட்டுப் போகும். அப்புறம் குறுக்கே, இந்த முகத்துல இருந்து எதிர் முகம் வரைக்கும் ஒரே செட்டிங்ல ஒரு ஓட்டை. நடுவுல கழட்டி மாட்டுனா போச்சு. அந்த ஓட்டையோட ரெண்டு வாயிலயும் டிரில் புஷ் (பிட்டு ஆடாம நுழையற இரும்புக் குழல்) இறுக்கி அடிச்சுருங்க. புஷ் நீளம் பிட்டோட விட்டத்துல ரெண்டு மடங்கு இருந்தா பிட்டு ஆடாது. ஒரு மூலையில ரம்பத்தால கீறிவிட்டு ஆலன் போல்ட் போட்டா, கட்டி குழாயைக் கவ்விக்கும். புஷ்ஷை ஓஎச்என்எஸ்ல (ஒரு வகை டூல் ஸ்டீல்) செஞ்சு, சூடு காட்டி ஹார்டனிங் பண்ணுனா ரொம்ப நல்லது. ஒரே ஒரு விமானத்துக்கு, அதுவும் அலுமினியத்துக்கு, ஹார்டனிங் பண்ணாட்டியும் ஒப்பேறிடும்.

ஓட்டையை ஒரே மூச்சுல ரெண்டு சுவரையும் துளைச்சுக்கிட்டுப் போகாதீங்க. கால் இஞ்ச் போல்ட்டுன்னா 6 மி.மீ. பிட்டுல இந்தப் பக்கச் சுவர், அப்புறம் கட்டியோட குழாயைத் திருப்பி எதிர் புஷ்ல இருந்து அந்தப் பக்கச் சுவர். கடைசியா ஜிக்கைக் கழட்டிட்டு கால் இஞ்ச் ரீமரைக் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவற கருவி) கையால விடுங்க. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் தொட்டுக்கிட்டா அலுமினியம் பிட்டுல ஒட்டாது. (இப்ப மண்ணெண்ணெய் எங்க கிடைக்குதுன்னு என்னைக் கேக்காதீங்க.)

வரிசையா ஓட்டை போடறதா இருந்தா, குழாய் மேல ஒரு எல் ஆங்கிளைக் கவுத்து வெச்சு அதோட ஓரத்துல கோடு இழுங்க, கோடு குழாயோட நேரா ஓடும். அளவையெல்லாம் குழாயோட ஒரே முனையில இருந்து எடுங்க. ஓட்டைக்கு ஓட்டை அளந்துக்கிட்டே போனா, ஒண்ணுக்கு 0.2 தப்புனாலும் பத்தாவதுல 2 மி.மீ. வந்து நிக்கும்.

இப்ப என்ற கதை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அண்ணன், ஏர்ஃபோர்ஸ்ல ஏர்ஃபிரேம் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், கொப்பரைக் குடோன்ல ஒரு சின்ன விமானம் கட்டிக்கிட்டிருக்கார். நாலு குழாயைத் தூக்கிக்கிட்டு பட்டறைக்கு வந்தார். பலத்துக்காக ஒவ்வொண்ணுக்குள்ளயும் இன்னொரு குழாய் சொருகியிருந்தது. "அரை நாள் சோலிங்ணா"ன்னு சொன்னேன். மேல சொன்ன அதே கட்டியைச் செஞ்சேன், உள்குழாயோட சேர்த்து ஓட்டை போட்டேன். போல்ட்டு விரலால தள்ளுனதும் போச்சு. எனக்குத் தலைகால் புரியல.

ஒரு வாரம் கழிச்சு போன் பண்றார். "தம்பி, போல்ட்டு போகலீங்."

"நீங்க குழாயை மாத்திப் போட்டிருப்பீங்கணா"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். பிசிறு எடுக்கறதுக்காக உள்குழாயை வெளிய உருவியிருக்கார். ரெண்டு குழாய்க்கு நடுவுல சீவுன அலுமினியச் சுருள் மாட்டியிருக்கும், அதைச் சுத்தம் பண்ணித்தான் ஆகோணும், அது சரிதான். நான் உள்குழாயை அரைச் சுத்து திருப்புனேன். போல்ட்டு சர்ருனு போச்சு. "பார்த்தீங்களா?"ன்னு நிமிர்ந்தேன்.

அவர் போல்ட்டை வெளிய எடுத்து, மறுபடி அரைச் சுத்து திருப்பி, கண்ணை ஓட்டைகிட்ட வெச்சுப் பார்த்தார். "ஓட்டை நட்ட நடுவுல இருந்தா எப்படிப் போட்டாலும் போகோணுமல்லங் தம்பி?"

அவ்வளவுதான். வாய் அடைச்சுப் போச்சு. குறுக்கு ஓட்டைக்கு நடுவை நான் கட்டியோட வெளி முகத்துல இருந்து எடுத்திருந்தேன். போரிங் கட்டிக்கு நட்ட நடுவுல இருக்குன்னு ஒரு நம்பிக்கை. இல்ல, 0.3 மி.மீ. தள்ளி இருந்தது. திருப்பிப் போட்டா இந்தப் பக்கம் 0.3, அந்தப் பக்கம் 0.3, மொத்தம் 0.6. ஜிக்கு அந்தத் தப்பை எல்லா ஓட்டையிலயும் ஒரே மாதிரி போட்டுக் கொடுத்திருக்கு. அதனாலதான் முதல்ல கண்டுபிடிக்க முடியல. கொத்தனார் ரசமட்டத்தை ஒருக்கா வெச்சுப் பார்த்துட்டு, திருப்பி வெச்சு இன்னொருக்கா பார்ப்பாரே, அது எனக்குத் தோணவே இல்ல.

ரெண்டாவது கட்டிக்கு, போரிங்குல லேத்துல கடைஞ்ச ஒரு உருட்டுக் கம்பியைச் சொருகி, ஹைட் கேஜை (உயரம் அளக்கற கருவி) அந்த உருட்டு மேல தொட்டு, அதுல இருந்து நடு எடுத்தேன். வேண்டாத குழாய்த் துண்டு ஒண்ணுல ஓட்டை போட்டு, அரைச் சுத்து திருப்பி, புஷ் வழியா ஒரு பின்னை விட்டேன். ரெண்டு பக்கமும் தடுக்காம வந்தது. நீங்க வேற எதைச் செஞ்சாலும் செய்யாட்டியும், இந்தச் சோதனைய மட்டும் விட்டுடாதீங்க.

ஜிக்குன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, கேள்விக்குச் சம்பந்தமில்ல, இருந்தாலும் எழுதிடறேன். ஒரு பம்பு கம்பெனிக்கு ஃபிளாஞ்சு ஓட்டை ஜாப் ஒர்க் பண்ணிக்கிட்டிருந்தேன். ஜிக்கு என்ற செலவு, மூணு நாள் உழைப்பு. ரெண்டு வருசம் கழிச்சு "செக் பண்ணோணும், ஜிக்கைக் கொடுத்தனுப்புங்க"ன்னாங்க. போனது போனதுதான். அடுத்த மாசம் அதே ஃபிளாஞ்சு பீஸுக்கு 40 பைசா கம்மியா இன்னொரு பட்டறையில ஓடிக்கிட்டிருந்தது. போய் எட்டிப் பார்த்தேன். என்ற ஜிக்கு, ஓரத்துல நான் குத்துன எழுத்துப் பஞ்சு அப்படியே இருக்கு. பில்லுக்கு 90 நாள் காத்திருந்தவனுக்கு இது மரியாதை. அதனால உங்க ஜிக்கைக் கடன் கேட்டு யாராவது வந்தா யோசிச்சுக் கொடுங்க.

அண்ணனுக்குப் புதுக் குழாய் நாலு நானே வாங்கிக் கொடுத்தேன். பழைய குழாயை அம்புக்குறி போட்டு ஒரே பக்கமா மாட்டிக்கலாமேன்னு கேட்டுப் பார்த்தேன், அவர் பதிலே சொல்லல. போன மாசம் போனப்ப பார்த்தேன், கிணத்து மேட்டுல அவரைக்காய்ப் பந்தலுக்கு அதுதான் கால். நான் போட்ட ஓட்டையில எல்லாம் கட்டுக்கம்பி கோத்திருக்கார்.