வெளுத்த பவளம் செத்துவிட்டதா?

புது விளக்கு மாட்டிய வாரத்திலேயே கடல்நீர் மீன்தொட்டியின் நீர் 31 டிகிரிக்குப் போனது, அதில் வளர்க்கும் பவளம் வெளுத்துவிட்டது, எடுத்து எறியவா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எறியாதீர்கள்.

வெளுக்கும் முன் இருந்த பழுப்பு நிறம் பவளத்தின் செல்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளுடையது. பவளத்தின் கழிவையும் கரியமில வாயுவையும் வாங்கிக்கொண்டு, வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்துக் கொடுப்பவை அவை. சில பவளங்களுக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட அப்படித்தான் கிடைக்கிறது. சூடும் கடும் வெளிச்சமும் சேர்ந்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை பழுதாகி நச்சு ஆக்சிஜன் உருவாகும். பவளம் பாசிகளை இழந்து வெளுத்துவிடும்.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். எலும்புக்கூட்டின்மேல் கண்ணாடி போன்ற சதை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெளிச்சத்தைக் குறையுங்கள், வெப்பத்தைச் சில நாட்களில் மெல்ல 26க்கு இறக்குங்கள். இப்போது அது பட்டினி. விளக்கணைந்தபின் நுண்ணிய மிதவை உயிரிகளைக் கொஞ்சமாக ஊட்டுங்கள். நிறம் திரும்ப மாதக்கணக்காகலாம்.