பயத்துக்குப் பந்தயம் கட்டாதீர்கள்

கேள்வி: 'தனியாகப் பார்க்காதீர்கள், ஒரு வாரம் தூக்கம் வராது' என்று எல்லோரும் எழுதியதை நம்பி ஆறு மாதம் காத்திருந்து, முதல் நாள் முதல் காட்சிக்கே போனேன். மூன்று ட்ரெய்லர்களையும் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. கடைசி வரை ஒரு சிலிர்ப்புகூட வரவில்லை. பேய்ப் படம் எடுப்பவர்கள் ஏன் இப்படி ஏமாற்றுகிறார்கள்?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது தப்பான ஆள்மேல் பாய்கிறது. தூக்கம் வராது என்று சொன்னவர் இயக்குநர் இல்லை, படத்தை விற்றவர்கள். அவர்களுக்கு இது பழகிய தொழில். 1958இல் 'மெக்காபர்' என்ற திகில் படத்தைத் தயாரித்த வில்லியம் காசில், படம் பார்த்துப் பயத்தில் உயிர் போனால் 1,000 டாலர் என்று பார்வையாளர்களுக்குக் காப்பீடே எடுத்துக் கொடுத்தார். இன்று அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் காப்பீட்டுக் கதைதான் முதலில் வருகிறது. 2009இல் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' ட்ரெய்லரில், இருட்டு அரங்கில் அலறித் துள்ளும் ரசிகர்களின் முகங்களையே காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர் படத்தையா பார்ப்பார்? 'இவர்கள் அளவுக்கு எனக்கும் பயம் வருகிறதா' என்று தன்னையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். எங்கே, என்னைப் பயமுறுத்து பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவரை எந்தப் பேயாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சமீபத்தில் ஓர் இரவுக் காட்சியில் எனக்கு முன்வரிசையில் இரண்டு இளைஞர்கள். திரையில் ஒரு பெண் அலமாரியை நோக்கி நடக்கிறாள். கதவில் அவள் கை படுவதற்கு முன்பே ஒருவர் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். சத்தம் வெடித்து அடங்கியதும் விரலை எடுத்துவிட்டு, 'இதுதான்டா அந்த சீன்' என்றார். பக்கத்தில் இருந்தவர் பதிலே சொல்லவில்லை. நாற்காலியின் கையை அவர் பிடித்திருந்த பிடி அதற்கப்புறமும் வெகுநேரம் தளரவில்லை. ஒருவர் ட்ரெய்லர் பார்த்திருக்கிறார், மற்றவர் பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். மூன்று ட்ரெய்லரையும் மனப்பாடம் செய்துவிட்டுப் போன உங்களுக்கு இயக்குநர் எதைத்தான் மிச்சம் வைத்திருக்க முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஒரு வகைப் படத்தை இன்னொரு வகை என்று சொல்லி விற்கிறார்கள். திடுக்கிட வைப்பது சுலபம்: இசையை நிறுத்து, நாலு விநாடி அமைதி, அப்புறம் காதைக் கிழிக்கும் சத்தம். குறுக்கே பூனை ஓடினாலும் உடம்பு துள்ளும். மெல்ல மெல்ல ஏறும் அச்சம் அப்படி வராது, அதற்குப் பொறுமை வேண்டும். 2018இல் வந்த 'ஹெரிடிட்டரி'யை விமர்சகர்கள் 'எக்ஸார்சிஸ்ட்' படத்தோடு ஒப்பிட்டுக் கொண்டாடினார்கள். விளம்பரமும் அதையே பிடித்துக்கொண்டது. ஆனால் படம் வெளியானதும் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு மதிப்பிடும் சினிமாஸ்கோரில் அதற்குக் கிடைத்தது 'டி பிளஸ்' என்ற மட்டமான மதிப்பெண்தான். ஒரு குடும்பம் துக்கத்தில் நொறுங்குவதை நிதானமாகக் காட்டும் படம் அது. நிமிடத்துக்கொரு அதிர்ச்சியை எதிர்பார்த்து வந்தவருக்கு அந்த நிதானமே எரிச்சலாகியிருக்கும். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை, படத்தைக் குறை சொல்லவும் மனமில்லை.

1975இல் வந்த 'ஜாஸ்' என்ற சுறாப் படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானது. வேறு வழியில்லாமல் இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதைக் காட்டாமலே கதையை நகர்த்தினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் சுறாவை நாம் சரியாகப் பார்ப்பதே இல்லை. தண்ணீரையும் இசையையும் வைத்தே மக்களை நடுங்க வைத்தார். இன்றைக்கு அப்படியொரு சுறா கிடைத்தால் அதைப் போஸ்டரிலேயே முழுசாகக் காட்டிவிடுவார்கள். நாமும் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, பல் சரியில்லை என்று படம் வருவதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுவோம்.

மட்டமான பேய்ப் படங்கள் நிறைய வருகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் பார்த்ததும் அந்த ரகமாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல, படத்தைப் படமாகப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த முறை ஒரே ஒரு ட்ரெய்லரோடு நிறுத்திக்கொண்டு, இரண்டாவது வாரத்தில் போய்ப் பாருங்கள். அப்போதும் பயம் வரவில்லை என்றால் எழுதுங்கள், இயக்குநரை நானே கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தில் படத்தின் பெயரும், பேய் யார் என்பதும், கடைசிக் காட்சியும் இருந்தன. மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் பிரசுரித்திருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.