தெலோன் ஆற்றில் தனியே 30 நாள்

கேள்வி: எனக்கு 39 வயது. ஸ்காபரோவில் மனைவியோடும் ஆறு வயது மகளோடும் இருக்கிறேன். ஏழு கோடைகளாக அல்கோன்குயின் பூங்காவில் கனூ (துடுப்பு வள்ளம்) வலிக்கிறேன். எப்போதும் நண்பர்களோடுதான், கூடியது ஆறு நாள். வரும் ஜூலையில் கனடாவின் வடக்கே தெலோன் ஆற்றில் 900 கிலோமீற்றரையும் தனியாக 30 நாளில் முடிக்க ஆசை. ஒகஸ்ட் முதல் வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும். மனைவி "ஒரு கதையும் வேண்டாம்" என்கிறார். நான் இதற்குத் தயாரா? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒவ்வொரு தரமும் "30 நாள்" என்ற இடத்தில்தான் கண் நின்றது. தனியாகப் போவது பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஒகஸ்ட் முதல் வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் பயமாக இருக்கிறது.

அதனால் நேரடியாகவே சொல்கிறேன். வரும் ஜூலையில் போகாதீர்கள். இரண்டு வருடம் பொறுத்து, 45 நாளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

ஆசையை விடச் சொல்லவில்லை. தெலோன் ஆசைப்பட வேண்டிய ஆறுதான். மரங்கள் முடிந்துபோன அந்த வட நிலத்தில் இந்த ஆற்றங்கரையில் மட்டும் ஸ்ப்ரூஸ் மரங்கள் நெடுந்தூரம் கூடவே வரும். கஸ்தூரி எருதுகளைக் காப்பாற்ற 1927 இல் ஒதுக்கிய சரணாலயத்தின் ஊடாக ஓடுகிறது. அதன் மேற்பகுதியை அங்குள்ள பழங்குடிகளான டெனே மக்கள் கடவுள் தொடங்கிய இடம் என்பார்கள். ஆறு போய்ச் சேரும் பேக்கர் லேக் ஊருக்கு இனுயிட் மக்கள் வைத்த பெயர் காமனிதுவாக். ஆறு அகன்று விரிகிற இடம் என்று பொருள். அந்த ஊர்க் கரையில் நீங்கள் வள்ளத்தை இழுத்து ஏற்றுகிற நாள் வர வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 900 ஐ 30 ஆல் வகுத்தால் நாளுக்கு 30 கிலோமீற்றர். ஆறு இழுத்துக்கொண்டு போகும் இடத்தில் 40 கூடப் போகலாம், பெரிய கஷ்டமில்லை. ஆனால் தெலோன் கடைசிவரை ஆறாகவே இருப்பதில்லை. கீழ்ப் பாதியில் பெவர்லி, அபர்டீன், ஷுல்ட்ஸ் என்று மூன்று பெரிய ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அங்கே நீரோட்டத்தின் உதவி கிடையாது. காற்றைத் தடுக்க ஒரு மரமும் இல்லை. ஜூலையிலும் ஏரிகளில் பனிக்கட்டி விலகாத வருடங்கள் உண்டு. அலைகள் வெள்ளையாக உடையத் தொடங்கிவிட்டால் கூடாரத்துக்குள் கிடக்க வேண்டியதுதான். ஒரு நாள், இரண்டு நாள், சில வேளை நாலு நாள். காற்று அடங்குவது பெரும்பாலும் நடுச்சாமத்துக்குப் பிறகு. ஜூலையில் அங்கே இரவிலும் வெளிச்சம் இருப்பதால் இரண்டு மணிக்கே எழும்பி வலிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏரிகளில் நீங்களும் அப்படித்தான் நகர வேண்டி வரும்.

அடுத்தது போர்ட்டேஜ், அதாவது வள்ளத்தையும் சாமானையும் தரையால் சுமந்து கடப்பது. அல்கோன்குயினில் ஆறு நாள் சாமானை நண்பர்களோடு பங்கு போட்டு ஒரே நடையில் கடத்தியிருப்பீர்கள். தனி ஆளுக்கு 45 நாள் உலர் உணவு, நாளுக்கு 800 கிராம் என்று வைத்தாலும் 36 கிலோ. கூடாரம், உடுப்பு, அடுப்பு, கயிறு எல்லாம் இன்னொரு பொதி. வள்ளம் மூன்றாவது சுமை. மூன்று சுமையை ஒருவர் கடத்த அதே பாதையில் ஐந்து தரம் நடக்க வேண்டும்: பாரத்தோடு மூன்று தரம், வெறுங்கையோடு திரும்பி இரண்டு தரம். 3 கிலோமீற்றர் போர்ட்டேஜ் 15 கிலோமீற்றர் நடையாகிவிடும், அதுவும் நுளம்பும் கறுப்பு ஈயும் மொய்க்க, சதுப்பில் கால் புதையப் புதைய. மேல் தெலோனில் ஒரு கன்யன் (ஒடுங்கிய பாறைப் பள்ளத்தாக்கு) இருக்கிறது, அதைச் சுமந்துதான் கடக்க வேண்டும். அந்த நாள் முழுக்க உழைத்து நீங்கள் முன்னேறியது சில கிலோமீற்றர்தான் இருக்கும். மிச்சமெல்லாம் அட்டவணையில் கடனாக ஏறிவிடும்.

இந்தக் கடன்தான் ஆளைக் கொல்கிறது. 1955 இல் ஆர்தர் மொஃபட் என்பவர் ஐந்து இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு டுபோன்ட் ஆற்றில் இறங்கினார். நீங்கள் கடக்கப்போகும் அதே பெவர்லி ஏரியில் வந்து சேரும் ஆறு அது. மொஃபட் புதியவர் இல்லை. பதின்ம வயதிலேயே ஒன்ராறியோவின் அல்பனி ஆற்றைத் தனியே வலித்து முடித்தவர். ஆனால் அந்தக் கோடையில் பயணம் மெல்ல மெல்லப் பிந்தியது. செப்ரெம்பர் வந்துவிட்டது, சாப்பாடு குறைந்துவிட்டது, குளிர் இறங்கிவிட்டது. செப்ரெம்பர் 14 அன்று ஒரு விரைநீரில் (பாறைகளுக்கு நடுவே ஆறு வேகமாகப் பாயும் இடம்), கரையில் இறங்கிச் சரியாகப் பார்க்காமலே போனார்கள். வள்ளங்கள் கவிழ்ந்தன. மொஃபட் குளிரில் விறைத்து இறந்தார். மற்ற ஐந்து பேரும் எப்படியோ பேக்கர் லேக் போய்ச் சேர்ந்தார்கள். நேரம் இருந்திருந்தால் மொஃபட் போன்ற ஒருவர் அந்த விரைநீரை நடந்து பார்த்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

என் கதையும் அதே வகைதான், நான் தப்பினேன் என்பது மட்டும் வித்தியாசம். வடக்கு ஒன்ராறியோவின் மிசினாய்பி ஆற்றில் தனியாகப் போனேன். முடிவில் மூஸோனி ஊரிலிருந்து கொக்ரேனுக்கு ரயில். ரிக்கெற் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன், அதுதான் நான் விட்ட பிழை. இரண்டு நாள் மழையில் பிந்தியதும் மனம் எந்நேரமும் சனிக்கிழமை ரயிலையே எண்ணிக்கொண்டிருந்தது. கயிறு கட்டிக் கரையோரமாக இறக்க வேண்டிய ஒரு விரைநீரில், "இருபது நிமிடம் மிச்சம்" என்று நினைத்து உள்ளே போய்விட்டேன். வள்ளம் ஒரு பாறையில் குறுக்கே மாட்டி நிரம்பியது. அதை விடுவிக்க நாலு மணி நேரம் போனது. சாப்பாட்டுப் பீப்பா ஆற்றோடு போய்விட்டது. மிச்ச நாட்களை ஒரு பை ஓட்ஸில் ஓட்டினேன். அந்த விரைநீருக்கு முன்னால் இன்னொருவர் வள்ளத்தில் இருந்திருந்தால் "வேண்டாம், இறங்கிப் பார்ப்போம்" என்று சொல்லியிருப்பார். தனியாகப் போகும்போது இழக்கிற பெரிய பலம் அந்தக் குரல்தான்.

ஆகவே அந்தக் குரலை வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நான் இப்போது ஒரு அட்டையில் எழுதி, நனையாமல் ஒட்டி, கண் முன்னால் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் கட்டி வைக்கிறேன். வெள்ளை அலை என்றால் கரை. கடினத்தில் இரண்டாம் தரத்துக்கு மேற்பட்ட விரைநீர் என்றால் கயிறு அல்லது தோள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு விரைநீரே இல்லை, எவ்வளவு சின்னதானாலும். களைத்த மனம் பேரம் பேசும். அட்டையோடு பேரம் பேச முடியாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்கோன்குயினில் ஜூலையில் விழுந்தால் குளித்துவிட்டு ஏறுவீர்கள். தெலோன் தண்ணீர் வேறு. மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் உடற்குளிர்ச்சியை ஆராயும் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1, 10, 1 என்று ஞாபகம் வைக்கச் சொல்கிறார். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும், அதை அடக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். தனி ஆளுக்கு அந்த நடு 10 நிமிடம்தான் எல்லாம். அதற்குள் கரை சேராவிட்டால் விரல்கள் கயிற்றைக்கூடப் பிடிக்காது. உயிர்காப்பு அங்கி எந்நேரமும் உடம்பில் இருக்க வேண்டும். நெருப்பு மூட்டும் சாமானும் செய்மதி வழியே செய்தி அனுப்பும் கருவியும் அந்த அங்கியின் பைக்குள் இருக்க வேண்டும். வள்ளத்தில் கட்டி வைத்தால் வள்ளத்தோடு போய்விடும்.

சாப்பாட்டில் மீனையும் வேட்டையையும் கணக்குச் சேர்க்காதீர்கள். ஏரி ட்ரவுட் கிடைத்தால் சந்தோஷம், அவ்வளவுதான். தெலோன் கரையில் நீங்கள் கடந்து போகும் ஓரிடத்தில் ஒரு மரக் குடிசையின் மிச்சமும் மூன்று கல்லறைகளும் இருக்கின்றன. ஜோன் ஹோர்ன்பி, ஹரோல்ட் அட்லார்ட், 18 வயது எட்கர் கிறிஸ்டியன். காரிபூ (வட நிலத்து மான்) மந்தை வரும், இறைச்சி கிடைக்கும் என்று நம்பி 1926 இல் அங்கே குளிர்காலம் தங்கினார்கள். மந்தையைத் தவறவிட்டார்கள். 1927 இல் மூவரும் பட்டினியால் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். அந்தப் பையன் எழுதிய நாட்குறிப்பைப் பிறகு பொலிஸார் அடுப்புக்குள் கண்டெடுத்தார்கள். அங்கே இறங்கினால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். நம் வீட்டுப் பழக்கத்தில் கருவாடு கட்டிக்கொண்டு போகாதீர்கள். அது கிரிஸ்லி கரடி நிலம், வாசனை வெகுதூரம் போகும். பருப்பு, அரிசி, சத்துமா, காய வைத்த மரக்கறி எல்லாம் நல்லது. கரடி ஸ்ப்ரேயைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள், யெலோநைஃப் போன பிறகு வாங்குங்கள்.

இனி இந்த இரண்டு வருடத்தில் என்ன செய்வது? இந்த செப்ரெம்பரில் உங்களுக்குப் பழக்கமான அல்கோன்குயினிலேயே எட்டு நாள் தனியாகப் போங்கள். இடம் பழகியது, தனிமை மட்டும் புதிது. மூன்றாம் இரவு ஆற்றுச் சத்தத்துக்குள் ஆட்கள் கதைப்பது போலக் கேட்கும். பயப்பட வேண்டாம், எனக்கும் கேட்டிருக்கிறது. அது உங்களுக்குப் பிடிக்கிறதா, இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த கோடையில் யூக்கோன் ஆறு. வைற்ஹோர்ஸிலிருந்து டோசன் சிற்றி வரை ஏறத்தாழ 715 கிலோமீற்றர். நீரோட்டம் கூட வரும், நடுவில் கார்மக்ஸ் ஊரில் வீதி தொடும். ஆனால் தொடக்கத்திலேயே 50 கிலோமீற்றர் நீளமுள்ள லபார்ஜ் ஏரி வருகிறது. பெரிய ஏரியில் காற்றுக்குக் காத்திருக்கப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அந்தப் பயணத்துக்குத் திரும்பும் தேதியை எழுதாமல் போய்ப் பாருங்கள். ஃபைவ் ஃபிங்கர் விரைநீரில் வலப்பக்க வாய்க்காலால் போங்கள்.

2017 இல் அடம் ஷோல்ட்ஸ் என்ற கனடியப் பயணி ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் தனியே கடந்து இதே பேக்கர் லேக்கில் முடிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். முடித்தார். அதற்கு முன் வருடக்கணக்கில் வட ஆறுகளில் பழகியவர் அவர். வழியில் விமானம் மூலம் சாப்பாடும் வந்தது. கோடை முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கியிருந்தார். உங்களிடம் இப்போதைக்கு இல்லாதது அந்தக் கோடைதான். வேலையிடத்தில் சம்பளமில்லா விடுப்பு இரண்டு மாதம் கேட்டுப் பாருங்கள். தரமாட்டார்கள் என்றால் தெலோனில் பாதி தூரம் மட்டும் போங்கள், ஏரிகளுக்கு முன்னால் மிதவை விமானத்தை வரச் சொல்லுங்கள். அதிலும் குறை ஒன்றுமில்லை.

மனைவியைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டீர்கள். சம்மதிக்க வைக்கும் வேலையே வேண்டாம், தம்பி. அவர் காதில் விழுந்தது "தனிய, ஒரு மாதம், கரடி" என்பதுதான். அந்த ஒரு மாதமும் பிள்ளையைப் பள்ளிக்கூட முகாமுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டு, மணி அடிக்காத தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போவது அவர். மேசையில் வரைபடத்தை விரியுங்கள். எந்த நாளில் எந்த இடம், எந்த நாளுக்குள் எந்த ஏரியை எட்டாவிட்டால் விமானத்தை அழைப்பது என்று அவரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். அந்த நாளை அவரே குறிக்கட்டும். ஒவ்வொரு இரவும் செய்மதிக் கருவியில் ஒரு வரி அனுப்புவேன் என்று சொல்லுங்கள். அதோடு இதையும் சொல்லுங்கள்: ஒரு இரவு செய்தி வராவிட்டால் அது கருவியின் கோளாறாக இருக்கலாம். 72 மணி நேரம் வராவிட்டால் விமான நிறுவனத்தையும் ஆர்.சி.எம்.பி. பொலிஸையும் அழைக்க வேண்டும். எண்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். எஸ்.ஓ.எஸ். அமத்தினால் உடனே ஹெலிகொப்ரர் வந்து நிற்கும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிவிடாதீர்கள். காலநிலை கெட்டால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதை அவர் இப்போதே உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

யூக்கோன் போய் வந்த பிறகும் அவர் வேண்டாம் என்றால், மகள் கொஞ்சம் வளரும்வரை பொறுங்கள். ஹமில்ரனில் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹேர்ப் போல், ஐம்பது வயதுக்குப் பிறகும் வடக்கிலும் லப்ரடோரிலும் பெரிய தனிப் பயணங்கள் போனவர். எழுபதுகளிலும் வலித்துக்கொண்டிருந்தார். 2006 இல் சுப்பீரியர் ஏரியில்தான் அவர் உயிர் போனது. பெரிய ஏரிகளைப் பற்றி மேலே எழுதியதை அதோடு சேர்த்து வாசியுங்கள். உங்களுக்கு வயது 39 தான்.

செப்ரெம்பர் எட்டு நாள் முடிந்ததும் எழுதுங்கள். எத்தனை நாள் காற்றுக்குக் கரையில் இருந்தீர்கள், அந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள். மனைவிக்கு என்னிடம் கேட்க ஏதும் இருந்தால் அவரும் எழுதட்டும், அவருக்குத் தனியாகப் பதில் போடுகிறேன்.