நியூ ஹேவன் பீட்சாவுக்காக ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கலாமா?

நியூ ஹேவனின் பெயர்பெற்ற செங்கல் அடுப்புப் பீட்சாக் கடைக்குப் போக ஆசை, ஆனால் படங்களில் எல்லாமே கருகித் தெரிகிறது, வாசலில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள், அவ்வளவு தகுதி அதற்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு என்பதே என் பதில். நீங்கள் அண்மையில்தான் நியூ ஹேவன் இருக்கும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்றும், இதுவரை சாப்பிட்டதெல்லாம் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடைகளின் சீஸ் வழியும் பீட்சா என்றும் கருதிக்கொண்டே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் குறிப்பிடுவது வூஸ்டர் தெருவாகத்தான் இருக்க வேண்டும். இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையிலுள்ள மையோரியிலிருந்து வந்த ஃபிராங்க் பெப்பே 1925இல் அங்கே கடை தொடங்கினார். அவருடைய சகோதரியின் மகன் சால்வத்தோரே 1938இல் அதே தெருவில் தொடங்கியதுதான் சாலீஸ். எது சிறந்தது என்ற சண்டை உள்ளூர்க்காரர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. அதில் நான் தலையிடப் போவதில்லை.

கருகல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை எழுத வைத்ததே அதுதான். நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா விறகு அடுப்பில் அறுபது முதல் தொண்ணூறு விநாடிக்குள் வெந்து மென்மையாக வெளியே வந்துவிடும். நியூ ஹேவனில் எரிவது நிலக்கரி; சுமார் 600 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் மெல்லிய மாவு அதைவிடப் பல மடங்கு நேரம் கிடப்பதால், ஈரம் வற்றி மொறுமொறுப்பும் மெல்லும் தன்மையும் ஒருசேரக் கிடைக்கின்றன. இரும்புத் தட்டு அந்தச் சூட்டை ஒரேயடியாக மாவுக்குள் ஏற்றி அடியை எரித்துவிடும். செங்கல் மெதுவாகத்தான் கொடுக்கும் என்பதால், மேலே இருப்பது வேகும்வரை அடிப்பகுதி தாக்குப்பிடிக்கிறது. ஆகவே விளிம்பில் உப்பிய கொப்புளங்கள் கறுப்பதும், அடியில் கரும்புள்ளிகள் விழுவதும் அந்த அடுப்பின் இயல்பு. ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள்: கரும்புள்ளிகளுக்கிடையே பழுப்பும் பொன்னிறமும் தெரிந்தால் சரியாக வெந்திருக்கிறது. அடி முழுவதும் ஒரே கறுப்பாக இருந்து நாக்கில் சாம்பல் கசந்தால், தயங்காமல் வேறு கேட்கலாம்.

என் மாமனார் இங்கே வந்திருந்தபோது குடும்பத்தோடு போயிருந்தோம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். காகிதம் விரித்த தட்டில், கோணல்மாணலாக வெட்டிய துண்டுகளுடன் பீட்சா வந்ததும், "அடி கருகியிருக்கிறதே மாப்பிள்ளை, வேறு தரச் சொல்லக் கூடாதா?" என்றார். நான் வாதாடவில்லை, அடுப்பு அங்கிருந்தே தெரிகிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் மாமா என்றேன். போனவர் திரும்பிவர வெகுநேரமாயிற்று. ஆளைவிட நீளமான துடுப்புகளால் பீட்சாவை உள்ளே தள்ளுவதையும் இழுப்பதையும் பார்த்தபடி நின்றிருந்தார். வந்து உட்கார்ந்ததும், "இவர்கள் போடுவது ஆந்த்ரசைட் என்கிற கெட்டி நிலக்கரி; அதனால்தான் புகையைக் காணோம். நாங்கள் எரித்த கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான், அதை வைத்து ரொட்டி சுட்டால் வாயில் வைக்க முடியாது" என்றார். அடுப்பு அவருக்குப் பிடித்துப்போயிற்று. பீட்சா அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மட்டி போட்டதை மட்டும் விரும்பிச் சாப்பிட்டார், அதிலும் விளிம்பை ஒதுக்கிவிட்டார். நான் கடைக்கு விளம்பரம் செய்வதாக யாரும் சொல்ல வேண்டாம்.

முதல் தடவை தக்காளிப் பீட்சாவையே வாங்குங்கள். அதில் மொசரெல்லா சீஸ் இருக்காது. நசுக்கிய தக்காளி, ஆலிவ் எண்ணெய், துருவிய பெகோரினோ ரோமானோ என்கிற செம்மறியாட்டுப் பால் சீஸ், அவ்வளவுதான். மொசரெல்லா வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். முதலிலேயே அதைப் போட்டு மூடிவிட்டால், எந்த மாவுக்காக வரிசையில் நின்றீர்களோ அந்த மாவின் சுவை தெரியாமல் போய்விடும். மட்டி போட்ட வெள்ளைப் பீட்சா 1960களில் வந்தது; பூண்டும் ஒரிகானோவும் உண்டு, தக்காளி கிடையாது. பலர் அதில் பேக்கனும் சேர்க்கச் சொல்வார்கள், பன்றி இறைச்சி உண்ணாதவர் கவனித்துக்கொள்ளவும். கடுமையான சைவர்களுக்கு இன்னொன்று: பெகோரினோ ரோமானோவை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி. அது கூடாதென்றால் துருவிய சீஸே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குடிக்க ஈஸ்ட் ஹேவனில் தயாராகும் ஃபாக்ஸன் பார்க் நிறுவனத்தின், பர்ச் மரச் சுவையுள்ள வெள்ளை பர்ச் சோடா கிடைக்கும். முதல் வாய்க்குத் தலைவலித் தைலம் போல மணக்கும், அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம்.

இதை எழுதினால், "நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு இது ஈடாகுமா?" என்று ஒருவர் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். ஈடு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஒன்றைப் பாராட்டுவது இன்னொன்றைத் தாழ்த்துவது என்று ஏன் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. என் உண்மையான ஆத்திரம் வேறு. எங்கள் பகுதியில் ஒரு கடை 'செங்கல் அடுப்பு' என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறது. உள்ளே போனால் செங்கல் சுவரில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. பீட்சா எரிவாயு அடுப்புக்குள் இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து போய் மறுபக்கம் விழுகிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு, செங்கல் அடுப்பில் அப்படி ஒன்றும் விசேஷமில்லை என்று தீர்ப்புச் சொல்பவர்களோடு எத்தனை முறைதான் வாதாடுவது?

வார இறுதியைத் தவிர்த்து, வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிவாக்கில் போனால் காத்திருப்பு பெரும்பாலும் குறையும். முடிந்தவரை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். பார்சல்தான் என்றால் பெட்டியின் மூடியைச் சற்றுத் திறந்தே வையுங்கள். இறுக மூடி ஹார்ட்ஃபோர்டு வரை கொண்டுவந்தால், அந்த முக்கால் மணி நேரத்தில் உள்ளே தேங்கும் ஆவியிலேயே அடிப்பகுதி நமுத்துப் போய்விடும்.